டாக்டர் மாவு

எங்கள் பக்கத்து மாடுகள் சுவரை நக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், செல்போனில் படம் எடுப்பார்கள். பசியில் நக்குகிறது என்று நினைப்பார்கள். பசி இல்லை, சார். வயிறு முட்டத் தின்ற மாடும் நக்கும். கட்டியிருக்கிற கயிற்றைக் கடிக்கும், கொடியில் காய்கிற சேலையை இழுத்து மெல்லும். எங்கள் மண்ணில் சில சத்துகள் கிடையாது. மண்ணில் இல்லாதது சோளத்தட்டையிலும் இருக்காது. தட்டையில் கிடைக்காததை மாடு சுவரில் தேடுகிறது. அவ்வளவுதான்.

இதை எனக்குச் சொன்னவர் யாஸ்மின் டாக்டரம்மா. விருதுநகரில் பருப்பு வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண். மாட்டு டாக்டராக எங்கள் பக்கம் மாற்றலாகி வந்தார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டது பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தைப் பற்றிக் கேட்க. அந்த அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள் என்பதைப் போர்மேன் வேலுச்சாமியிடம் கேளுங்கள். கேட்டுக்கு வெளியே ஆட்களை இறக்கிவிடுவதோடு என் பொறுப்பு முடிகிறது. எனக்குத் தெரிந்தது மாவைப் பற்றித்தான். டாக்டரம்மா கொடுத்திருக்கிற புகாரும் அதைப் பற்றித்தான் என்று கேள்விப்பட்டேன். அதை நான் மறுக்கப்போவதில்லை.

என் பெயர் மணிகண்டராஜ். ஏழாயிரம்பண்ணையைச் சுற்றியுள்ள ஊர்களில் வேன்கார அண்ணாச்சி என்றால் குழந்தைக்கும் தெரியும். காலையில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றிப் பயர் ஆபீசில், அதாவது பட்டாசுக் கம்பெனியில் விடுவேன், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பேன். ஆள் கணக்குப்படி கம்பெனி எனக்குப் பணம் கொடுக்கும். என் வேனில் யாரும் நின்றுகொண்டு வந்தது கிடையாது. மழைக்காலத்தில் கண்ணாடி ஒழுகினால் அன்றைக்கே சரிசெய்வேன். பிரசவம், காய்ச்சல் என்று எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போவேன். ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

சண்முகத்தாய் என் வேனில் வெகுகாலமாக வந்தவள். மருந்து அடைக்கிற அறையில் அவளுக்கு நிகரான கை கிடையாது. குழாயில் வெடிமருந்தைச் செலுத்தும்போது கூட இருக்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், இவள் மாவு பிசைகிறவள் மாதிரி நிதானமாகச் செய்வாள். அவள் புருஷன் ஊர்க்காவலனும் அதே வேலையில் இருந்தவன்தான். முன்பு நடந்த ஒரு விபத்தில் அவனுடைய வலது கை வெந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அதற்குப் பிறகு வீட்டில்தான் இருந்தான். மகள் எழில் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். அந்த வீடு ஓடியது சண்முகத்தாயின் கையால்.

லைசென்ஸ் சோதனை என்று கம்பெனிகளை மூடிப்போட்ட காலத்தில்தான் டாக்டரம்மா ஊருக்குள் வந்தார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பெண்களை உட்கார வைத்துப் பேசினார். நானும் ஓரமாக நின்று கேட்டேன், வேன் சும்மாதானே கிடந்தது. சீமைப் பசு காளைக்கன்று போட்டால் எங்கள் ஊரில் அதற்கு மதிப்பில்லை. பால் தராது, உழவுக்கும் இப்போது டிராக்டர் வந்துவிட்டது. பிறந்த சில நாளில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். டாக்டரம்மா அந்தக் கன்றுகளைத்தான் வளர்க்கச் சொன்னார். "கறிக்கு நல்ல கிராக்கி இருக்கு. ஒடம்பு ஏத்தி வித்தா நீங்க பயர் ஆபீசுக்கே போக வேண்டாம்" என்றார்.

ஒரு சாம்பல் நிற மாவையும் கொடுத்தார். செம்பு, துத்தநாகம், இன்னும் என்னென்னவோ கலந்தது. கன்றுக்கு ஒரு நாளைக்குச் சின்னக் கரண்டி போதும். "இம்புட்டுக்காணு மாவுல மாடு பெருத்துருமாக்கும்" என்று ஒரு பெண் சிரித்தாள். "இம்புட்டுக்காணு இல்லாமத்தாம்மா அது பெருக்காம கெடக்கு" என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து ஊரில் அதற்கு டாக்டர் மாவு என்று பெயர்.

மாதம் ஒருமுறை டாக்டரம்மா வந்து கன்றின் நெஞ்சைச் சுற்றி நாடாவைப் போட்டு அளப்பார். நாடாவிலேயே எடை போட்டிருக்கும். எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. ஆனால் கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது? சுவரை நக்குவது நின்றது. செம்பட்டை அடித்துக் கிடந்த ரோமம் கறுத்து, எண்ணெய் தேய்த்துவிட்ட மாதிரி மின்னியது. விலா எலும்பு மறைந்தது. கேரளாவுக்கு லோடு ஏற்றுகிற நைனா முகம்மது பாய் தன் வண்டியோடு வந்து, சண்முகத்தாயின் முதல் ஜோடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தாயி, இந்த மாதிரி எம்புட்டு இருந்தாலும் எனக்குத்தான் தரணும்" என்று சொல்லிப் போனார்.

அதன் பிறகு ஊரே கன்று தேட ஆரம்பித்தது.

நான் சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் சீசன் ஆரம்பித்தபோது என் வேன் பாதி காலியாகப் போனது. கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, தீபாவளி யாருக்காகவும் காத்திருக்காது. மேனேஜர் ஆபீசுக்குள் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும், "மாடு மேய்க்கப் போயிட்டாளுகளாமே, ஒமக்கு எதுக்கு வேன்? நாளையிலருந்து சாணி அள்ளிட்டுப் போம்" என்றார். என்னைவிட வயதில் சின்னவர். நான் சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நேராகச் சண்முகத்தாய் வீட்டுக்குத்தான் போனேன். அவள் தொட்டியில் தவிட்டைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"சீசனுக்கு மட்டுமாவது வாயேன் தாயி. நீ வந்தா நாலு பேர் பின்னால வருவாக" என்றேன்.

"வரல அண்ணாச்சி. கோவிச்சுக்கிடாதீக."

"மாட்ட நம்பி எத்தனை நாளைக்கு?"

அவள் கையைத் தவிட்டிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "அந்த ரூம்புல ஒக்காந்திருக்கையில, ஒரு சட்டி கீழ விழுந்தாக்கூட எம்புள்ள மொகந்தான் வரும். இப்ப இதுக மொகத்தப் பாத்துக்கிட்டு நிம்மதியாத் தூங்குறேன். இனிமே அங்கன வர மாட்டேன்."

ஊர்க்காவலன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மனதில் வைத்துக்கொண்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. நான் யோசித்தது வேறு. ஒரு கரண்டி மாவை நம்பி நிற்கிற பிழைப்பு எப்படிப் பிழைப்பாகும்? நாளைக்கு டாக்டரம்மா மாறிப்போவார். வேறு ஆள் வருவார், மாவு வராது. அப்போது இவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள், கம்பெனி வேறு ஊர் ஆட்களை எடுத்திருக்கும். இன்னும் கொஞ்ச நாளில் தெரியப்போவதை இப்போதே தெரிந்துகொண்டால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

வழியை டாக்டரம்மாவே காட்டினார். மாவு மூட்டை அவருடைய ஆஸ்பத்திரியில் வந்து இறங்கும், ஊருக்குக் கொண்டுபோக வண்டி கிடையாது. "அண்ணாச்சி, ஒங்க வேன் டெய்லி இந்தப் பக்கந்தானே வருது. மூட்டையை எறக்கிவிட்டுட்டுப் போறீகளா? நான் எதுவும் தர முடியாது, புண்ணியந்தான்" என்றார். நான் சரி என்றேன்.

மூட்டையை முதலில் என் வீட்டில் இறக்குவேன். மாவைத் தனியாகக் கொட்டிக்கொண்டு, அதே சாக்கில் கோலமாவை நிரப்புவேன். வாசலில் கோலம் போடுகிற வெள்ளைக் கல்மாவு. நிறத்துக்குக் கொஞ்சம் அடுப்புச் சாம்பல், மாடு விரும்பித் தின்ன உப்பு. சாக்கு வாயைத் தைத்து மறுநாள் ஊரில் இறக்குவேன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் எதிலும் விஷம் கலக்கவில்லை. பயர் ஆபீசில் என்னென்ன பொடி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கொண்டுவர நினைத்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். வாயில்லா ஜீவனுக்கு அப்படிச் செய்ய எனக்கு மனம் வராது. நான் கொடுத்தது ஒன்றுமில்லை. இருந்ததை எடுத்தேன், அவ்வளவுதான். அந்த மாவு வருவதற்கு முன்னால் மாடுகள் எப்படி இருந்தனவோ அப்படி இருக்கட்டும் என்று விட்டேன்.

டாக்டரம்மா இதைக் கேட்டுவிட்டு, கல்மாவில் இருக்கிற சுண்ணாம்பு, தீனியில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சத்தையும் ஒட்டவிடாமல் செய்துவிடும் என்று சொன்னாராம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு ஏதாவது போட்டிருப்பேன்.

எடுத்த மாவை வீணாக்கவில்லை. வீட்டில் என் காளைகள் இரண்டு நின்றன, அவற்றுக்கு வைத்தேன்.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. முதல் மாதம் நாடா நகரவில்லை. வெயில் என்று சொல்லிக்கொண்டார்கள். அடுத்த அளவில் நாடா உள்வாங்கியது. ரோமம் மறுபடி செம்பட்டை அடித்தது. கண்ணைச் சுற்றி முடி வெளுத்து, கன்றெல்லாம் மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி நின்றன. மறுபடியும் சுவர், மறுபடியும் கயிறு. டாக்டரம்மா பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார், ஊசி போட்டுப் பார்த்தார். கடைசியில் பெண்களைப் பார்த்து, "உண்மையைச் சொல்லுங்க. மாவைக் கன்னுக்கு வைக்கிறீகளா, இல்ல வெளிய வித்துப்புடுறீகளா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். சண்முகத்தாய் தன் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்து டாக்டரம்மா காலடியில் கவிழ்த்துக் காட்டினாள். தவிடு நாலு பக்கமும் தெறித்தது. மருந்து அறையில் ஒரு பொடிகூடச் சிந்தாத கை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் அதற்குப் பிறகு அவர்களுக்குள் பழைய பேச்சு இல்லை.

நைனா பாய் வந்து பார்த்துவிட்டு ஒரு கன்றையும் ஏற்றவில்லை. "எலும்ப ஏத்திட்டுப் போயி எங்கன விக்க?" என்றார். என் வீட்டுக்கு வந்தவர் காளைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"ஒரே ஊரு, ஒரே தட்டை, ஒரே தண்ணி. ஒங்க மாட்டுக்கு மட்டும் என்ன, மணி?"

"பராமரிப்பு பாய்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் காளைகளை வாங்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பெண்கள் ஒவ்வொருவராக வேனுக்குத் திரும்பினார்கள். கன்றுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார்கள். நான் யாரையும் குத்திப் பேசவில்லை. ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, வராமல் இருந்த நாட்களைச் சொல்லிக்காட்டவில்லை. மேனேஜரிடமும் பேசி எல்லோரையும் பழைய வேலையிலேயே போட வைத்தேன். கடைசியாக ஏறியவள் சண்முகத்தாய். எழிலுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வேண்டிய நேரம். பழையபடி மருந்து அறைக்கே போனாள். வேனில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வருவாள்.

ஒரு கன்றை மட்டும் அவள் விற்கவில்லை. கறுப்பாக இருந்து வெளுத்துப்போன கன்று. காலையில் வேலைக்குப் போகுமுன் அதைத் தடவிக்கொடுத்துவிட்டு வருவாள் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

விபத்து நடந்த நாளைப் பற்றி நீங்கள் ஏற்கனவே எழுதியிருப்பீர்கள். நல்ல வெயில். மதியத்துக்குச் சற்று முன்னால் சத்தம் கேட்டது. நான் சாத்தூர் ரோட்டில் டீக்கடையில் இருந்தேன், கையிலிருந்த கிளாஸ் அதிர்ந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் முதலில் புகை எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்போம். நான் வேனை எடுத்துக்கொண்டு போனேன். காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனவனும் நான்தான். அந்த அறையில் இருந்தவர்களை ஏற்ற வேண்டியிருக்கவில்லை. சண்முகத்தாயை எழில் கால் மெட்டியை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள்.

அடக்கத்துக்கு முன்வரிசையில் நின்றேன். பந்தல் என் செலவு.

அதற்குப் பிறகு ஊர்க்காவலன் என்ன செய்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. காரியம் முடிந்ததும், மகளைக்கூடத் துணைக்கு அழைக்காமல், மாட்டுத் தொட்டியின் அடியில் கெட்டிப்பட்டுக் கிடந்ததை இடது கையால் சுரண்டி எடுத்திருக்கிறான். ஒரு துணியில் முடிந்துகொண்டு டாக்டரம்மாவிடம் நடந்தே போயிருக்கிறான். "இது மாவான்னு பாருங்க. எம் பொண்டாட்டி இது மாவே இல்லன்னு சொன்னா" என்றானாம். டாக்டரம்மா பரிசோதனைக்கு அனுப்பினார். கல் என்று வந்தது. மூட்டையைக் கையாண்டவன் நான் ஒருவன்தான் என்பதால் நான் இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள் சார். மாவுக்குப் பதில் கோலமாவை வைத்ததற்கு மோசடி என்று போட்டால் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கும் அந்த அறை வெடித்ததற்கும் சம்பந்தம் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். ஒரு மூட்டை மாவில் ஆள் சாக மாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. சண்முகத்தாய் "இது மாவே இல்லை" என்று ஊர்க்காவலனிடம் சொன்னாள் அல்லவா, அது எப்படி அவளுக்குத் தெரிந்தது?

விபத்துக்கு முந்தைய நாள் லீவு. என் மனைவியைப் பார்க்க வந்தவள் கொல்லைப்புறம் என் காளைகளைப் பார்த்திருக்கிறாள். அவற்றின் தொட்டியில் கையை விட்டு முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போனதும், "இது ஒரு வாடை அடிக்கிது அண்ணாச்சி. முதல்ல வந்த மாவு இந்த வாடைதான் அடிக்கும். இப்ப வாரதுல வாடையே இல்ல. தண்ணியில போட்டா மணலாட்டம் அடியில தங்குது" என்றாள். சிவகாசியில் கடையில் வாங்கியது என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் வேன் அவள் தெருவில் நின்றபோது அவள் வேலைக்குப் போகிற சேலையில் இல்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தாள். அதில் ஒரு பிடி மாவு.

"நான் இன்னைக்கு வரல அண்ணாச்சி. மாவு செய்யிற கம்பெனி குடுத்த மூட்டையே கெட்டுப்போயிருக்கும்போல. டாக்டரம்மாட்டக் காட்டிட்டு வாரேன். நாங்க வித்துப்புட்டோம்னு நெனச்சிட்டாக பாத்தீகளா, அது மனசுல கெடந்து அறுக்குது."

அவளுக்கு என் மேல் சந்தேகமே வரவில்லை. பஸ்ஸுக்கு அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஹாரன் அடித்துக் கூப்பிட்டேன்.

"இதுக்குப் போயி ஒரு நாள் வேலைய விடுவாகளா தாயி? லோடு நிக்கிது, போர்மேன் ஒன்னத்தான் கேப்பாரு. ஒங்களை எறக்கிவிட்டுட்டு நான் அந்த வழியாத்தானே போறேன். டாக்டரம்மா கையிலயே குடுத்து, என்ன ஏதுன்னு கேட்டுட்டு வாரேன். சாயங்காலம் ஒனக்குச் சொல்றேன்."

அவள் யோசித்தாள். வேனில் இருந்தவர்களும், "வா தாயி, அண்ணாச்சி குடுத்துருவாக" என்றார்கள். உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அதுவரை வேனை நிறுத்தி வைத்திருந்தேன். யாருக்காகவும் நான் அப்படி நிற்பதில்லை.

பையை நான் டாக்டரம்மாவிடம் கொடுக்கவில்லை. வைப்பாற்றுப் பாலத்தில் நிறுத்திக் கொட்டினேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, மாவு மணலோடு மணலாகக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் டீ குடிக்கப் போனேன்.

ஆகவே, அன்றைக்கு அந்த அறைக்குள் அவளைப் போக வைத்தது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஊரில் இப்போது ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள், அவளை ஏதோ நான் இழுத்துக்கொண்டு போனதாக. அதனால் கடைசியாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பையை என் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறும்போது சண்முகத்தாய், எல்லோரும் கேட்கத்தான் சொன்னாள்: "நீங்க இருக்கப்போயித்தான் அண்ணாச்சி எங்க காரியமெல்லாம் ஆகுது." என்னைப் பற்றி அவளுக்குத்தான் தெரியும்.